ரசித்தவை பட்டியல்: எந்தப் பிரதி என்று ஏன் எழுதுவதில்லை?

ஜனவரி 4 — கேள்வி

"ஆண்டு முடிந்ததும் எல்லோரும் போடும் 'ரசித்த புத்தகம், பாட்டு, படம்' பட்டியல்களிலிருந்து வகைக்கு ஒன்றாக மூன்றைப் பொறுக்கினேன். படம் வீடியோவில் எடுத்த சீரியல் மாதிரி வழவழவென்று ஓடுகிறது. ஆல்பம் காதைக் கிழிக்கிறது. மொழிபெயர்ப்பு நாவலில் யாரோ அவசரமாகக் கதைச்சுருக்கம் சொல்கிறார்கள். இந்தப் பட்டியல்கள் எல்லாம் ஒருவரைப் பார்த்து ஒருவர் போடுவதுதானே?"

ஜனவரி 4, இரவு

ரசித்துத்தான் போட்டிருப்பார்கள். அவர்கள் பார்த்ததும் நீங்கள் பார்த்ததும் ஒன்றுதானா என்பதில்தான் சந்தேகம். நீங்கள் சொன்ன மூன்று குறையும் பிரதியின் குறைகள். வழவழப்பு டிவி அமைப்பில் வருவது. காதைக் கிழிப்பது பெரும்பாலும் ரீமாஸ்டர், அதாவது பழைய ஒலிப்பதிவின் ஒலியை மறுபடி சரிசெய்து விட்ட வெளியீடு. கதைச்சுருக்கம் என்றால் சுருக்கப் பதிப்பு, அல்லது சுருக்கப் பதிப்பிலிருந்து செய்த மொழிபெயர்ப்பு.

பட்டியல்காரர்கள் மேல் குற்றம் சொல்வதென்றால் ஒன்று சொல்லலாம். பெயரை எழுதுகிறார்கள், நட்சத்திரம் போடுகிறார்கள், எந்தப் பதிப்பு, எத்தனை நிமிடம், எந்த ஒலித்தடம் என்று எழுதுவதில்லை. பாதித் தகவல்.

முதலில் டிவி. மற்றவை மெதுவாக.

ஜனவரி 5

திரைப்படம் நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனிப்படங்கள். டிவி 60 அல்லது 120 முறை புதுப்பிக்கிறது. நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்ப, டிவி தானே கற்பனையாக ஃப்ரேம்களை உருவாக்கிச் செருகுகிறது. கிரிக்கெட்டுக்கு நல்லது. படத்துக்கு நஞ்சு. ஒளிப்பதிவாளர் வேண்டும் என்று விட்ட அசைவு மங்கல் போய், நடிகர்கள் செட்டில் நிற்பது அப்பட்டமாகத் தெரியும். 2018 டிசம்பரில் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இதை அணைக்கச் சொல்லியே ஒரு காணொளி போட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால் ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. எல்ஜியில் ட்ரூமோஷன். சாம்சங்கில் ஆட்டோ மோஷன் ப்ளஸ், புதியவற்றில் பிக்சர் கிளாரிட்டி. சோனியில் மோஷன்ஃப்ளோ. பெயர் எதுவானாலும் படம் தொடர்பான மெனுவில் 'மோஷன்' என்று வரும் எதையும் அணையுங்கள்.

அதோடு நிற்க வேண்டாம்:

ஷார்ப்னெஸ். பல டிவிகளில் பூஜ்யம்தான் நடுநிலை. சோனியில் மட்டும் 50 நடுநிலை, அதை பூஜ்யத்துக்கு இறக்கினால் படம் மங்கும். முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால் அளவு கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

இரைச்சல் நீக்கம். அணையுங்கள். பழைய படத்தின் ஃபிலிம் மணிகளை, அதாவது படச்சுருளின் நுண்புள்ளிகளை, அது இரைச்சல் என்று நினைத்து வழித்தெடுத்துவிடும். முகங்கள் மெழுகுப் பொம்மை ஆகும்.

வண்ண வெப்பம். 'வார்ம்' அல்லது 'வார்ம் 2'. முதலில் மஞ்சளாகத் தெரியும். கண் பழக ஒரு படம் போதும். அதற்குப் பிறகு பழைய அமைப்புக்குப் போனால் எல்லோரும் நீலம் பாரித்துக் கிடப்பார்கள்.

ஃபிலிம்மேக்கர் மோட் என்று ஒரு பொத்தான் இருந்தால் மேலே சொன்ன பெரும்பாலானதை அது ஒரே தட்டில் செய்துவிடும். 2019இல் அறிவித்தார்கள், அதற்குப் பிறகு வந்த பல டிவிகளில் உண்டு.

ஜனவரி 5, சற்றுப் பின்

விட்டுப்போனது: டிவியில் அணைத்தாலும், செருகியிருக்கும் ஸ்ட்ரீமிங் பெட்டி எல்லாவற்றையும் 60க்கு மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கலாம். 24ஐ 60ஆக்க ஒரு ஃப்ரேமை மூன்று முறையும் அடுத்ததை இரண்டு முறையும் காட்ட வேண்டும். அதனால் நகர்வு நொண்டும். பெட்டியின் அமைப்பில் 'ஃப்ரேம் ரேட்டைப் பொருத்து' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், அதை இயக்குங்கள். நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் (120 ஹெர்ட்ஸ்) திரையில் கணக்கு சுலபம்: 24ஐ ஐந்தால் பெருக்கினால் 120, நொண்டல் இல்லை.

ஜனவரி 7

"அணைத்துவிட்டேன். சீரியல் தோற்றம் போய்விட்டது. ஆனால் காமிரா பக்கவாட்டில் நகரும்போது தடதடக்கிறதே" என்கிறார் கேட்டவர்.

தடதடக்கும். 24இன் குணம் அது. ஒரு பொருள் திரையின் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்பு போக ஏறத்தாழ 7 நொடி எடுக்கும்படி காமிராவைத் திருப்பு என்பது ஒளிப்பதிவாளர்களின் பழைய விதி. அதைவிட வேகமாகத் திருப்பினால் தியேட்டரிலும் தடதடக்கும். மிகப் பிரகாசமான திரைகளில், குறிப்பாக ஓலெட் (OLED) வகை டிவியில், கூடுதலாகத் தெரியும். பொறுக்க முடியவில்லை என்றால் மோஷனை முழுக்க அணைக்காமல், தனித்தனியாகச் சரிசெய்யும் பகுதியில் 'டிஜட்டர்' (தடதடப்பைக் குறைப்பது) என்பதை 1 அல்லது 2இல் வைத்துப் பாருங்கள். 3ஐத் தாண்டினால் சீரியல் திரும்பி வரும்.

ஜனவரி 8

இப்போது படத்தின் நீளம். பட்டியலில் ஒரு படத்தின் பெயர் பார்த்தால் முதல் கேள்வி: எத்தனை நிமிடம்?

சினிமா பாரடைஸோ (1988) மூன்று நீளங்களில் கிடைக்கிறது. இத்தாலியில் முதலில் வந்தது 155 நிமிடம். உலகம் முழுக்கப் போய் ஆஸ்கர் வாங்கியது 124. 2002இல் வந்த நீண்ட வடிவம் 173. 124இல் ஒரு காதல் ஏன் கைகூடவில்லை என்பது புதிராகவே நின்றுவிடும். 173இல் அதற்கு விடை வருகிறது, அந்த விடை ஒரு முக்கியப் பாத்திரத்தின் மேல் நமக்கிருக்கும் பிரியத்தையே கலைக்கிறது. 124ஐப் பார்த்தவரும் 173ஐப் பார்த்தவரும் அதே பெயரை வைத்துக்கொண்டு சண்டை போட்டால் தீரவே தீராது. என் ஓட்டு 124க்கு. நீளமானதுதான் முழுமையானது என்பது விளம்பரக்காரர்களின் வாதம்.

பிளேட் ரன்னர் (1982): முதலில் வந்ததில் நாயகனின் பின்னணிக் குரல் உண்டு, சுபமான முடிவு உண்டு. 1992 வடிவில் இரண்டும் இல்லை. 2007 வடிவம்தான் இயக்குநர் முழுக்கத் தன் கையில் வைத்துச் செய்தது. 'பின்னணிக் குரல் எரிச்சல்' என்று ஒருவர் எழுதியிருந்தால் எதைப் பார்த்தார் என்று புரிந்துவிடும்.

மெட்ரோபொலிஸ் (1927) விஷயத்தில் நிமிடக் கணக்கு இன்னும் முக்கியம். வெளியான சில மாதங்களிலேயே வெட்டிவிட்டார்கள். 2008இல் பியூனஸ் அயர்ஸில் 16 மில்லிமீட்டர் பிரதி ஒன்று அகப்பட்டு, ஏறத்தாழ 25 நிமிடக் காட்சிகள் 2010 வடிவத்தில் திரும்பச் சேர்ந்தன. கீறல் விழுந்து, ஓரம் குறைந்து தெரியும் காட்சிகள் அங்கிருந்து வந்தவை. அதைப் பார்த்து 'மோசமான பிரிண்ட்' என்று மூடிவைத்தவர்கள் உண்டு. அந்த மோசமான பகுதிகள் இருந்தால்தான் அது முழுப் படம்.

பதேர் பாஞ்சாலி (1955): மூல நெகட்டிவ் 1993இல் லண்டன் ஆய்வகத் தீயில் கருகியது. பல ஆண்டுகள் எல்லோரும் பார்த்தது தேய்ந்த பிரதிகளிலிருந்து எடுத்தவை. கருகியதில் மீட்க முடிந்ததை மீட்டு, மீதிக்கு வேறு பிரதிகளைச் சேர்த்து 2015இல் 4கே என்ற உயர் தெளிவு வடிவம் வந்தது. 'படம் நல்ல படம்தான், ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை' என்று சொல்பவர்கள் எந்த ஆண்டுப் பிரதி என்று பார்த்துவிட்டு மறுபடி உட்காரலாம்.

ஜனவரி 9

"செவன் சாமுராய் 207 நிமிடம் என்று போட்டிருக்கிறது, என்னிடம் உள்ள டிவிடி 199 நிமிடம்தான். எட்டு நிமிடம் வெட்டியிருக்கிறார்களா?"

வெட்டவில்லை. நொடிக்கு 25 ஃப்ரேம் காட்டும் பால் (PAL) என்ற டிவி முறை உள்ள நாடுகளுக்கான டிவிடி அது. 24 ஃப்ரேம் படத்தை அப்படியே 25இல் ஓட்டிவிடுவார்கள். 207ஐ 24ஆல் பெருக்கி 25ஆல் வகுத்தால் 198.7. ஓட்டம் 4 சதவீதம் வேகம். சுருதியைத் திருத்தாமல் விட்டிருந்தால் ஒலியும் ஏறத்தாழ முக்கால் அரைச்சுரம் ஏறியிருக்கும், எல்லோருக்கும் குரல் கொஞ்சம் கீச்சாக இருக்கும். உண்மையாகவே வெட்டிய வடிவங்களும் இந்தப் படத்துக்கு உண்டு, அவை இன்னும் நன்றாகக் குறையும்.

ஆக, நீளம் குறைந்தால் முதலில் 0.96ஆல் பெருக்கிப் பாருங்கள். கணக்கு ஒத்துப்போனால் கத்தரிக்கோலைச் சந்தேகிக்க வேண்டாம்.

ஜனவரி 12

ஆல்பம். காதைக் கிழிக்கிறது என்றவர் எந்த ஆண்டு வெளியீடு என்று சொல்லவில்லை. 1990களின் நடுவிலிருந்து 2010 வரை வந்த ரீமாஸ்டர் என்றால் ஆச்சரியமில்லை.

நடப்பது இதுதான்: மெல்லிய பகுதிகளை உயர்த்தி, உச்சங்களைத் தட்டையாக்கி, எல்லாம் ஒரே சத்தத்தில் இருக்கும்படி அமுக்குகிறார்கள். கடையில் ஐந்து நொடி கேட்கும்போது பளிச்சென்று இருக்கும். நாற்பது நிமிடம் கேட்டால் தலை வலிக்கும். 2008இல் வந்த மெட்டாலிகா இசைக்குழுவின் டெத் மேக்னெட்டிக் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். அதே பாடல்கள் ஒரு வீடியோ விளையாட்டுக்காக அமுக்கப்படாமல் போயிருந்தன. ரசிகர்கள் விளையாட்டிலிருந்து எடுத்ததையும் குறுந்தட்டில் வந்ததையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைப் பிடித்தார்கள்.

பார்க்கும் வழி: பாட்டை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறவுங்கள். அலைவடிவம் முள்முள்ளாக, மேலும் கீழுமாக இருந்தால் நல்லது. செங்கல் அடுக்கியது போல இடைவெளி இல்லாமல் நிறைந்திருந்தால் அமுக்கியிருக்கிறார்கள். 'கிளிப்பிங்கைக் காட்டு' (உச்சம் வெட்டுப்பட்ட இடங்களைக் காட்டு) என்பதை இயக்கினால் சிவப்புக் கோடுகள் எத்தனை என்று தெரியும்.

தீர்வு, சமன்படுத்தியில் (ஈக்வலைசரில்) உயர் அதிர்வெண்ணைக் குறைப்பது அல்ல. தட்டையாக்கிய உச்சம் திரும்பாது. அதே ஆல்பத்தின் 1980களின் குறுந்தட்டு வெளியீடோ, நல்ல இசைத்தட்டிலிருந்து எடுத்ததோ கிடைத்தால் அதைத் தேடுங்கள்.

ஜனவரி 13

"எனக்கு ரீமாஸ்டர்தான் நன்றாக இருக்கிறது. பழையது மந்தமாக இருக்கிறது."

ஒப்பிட்டபோது இரண்டின் சத்தமும் ஒன்றாக இருந்ததா? ஒரே பாட்டை ஒரு டெசிபெல் கூட்டி வைத்தால், சத்தம் கூடியது என்று நமக்குத் தோன்றாது, 'தெளிவாக இருக்கிறது' என்று தோன்றும். அமுக்கிய ரீமாஸ்டர் பழையதைவிட 6 டெசிபெல், சில சமயம் இன்னும் கூட உரக்க இருக்கும். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே அளவுக்கு இறக்க வேண்டும். ஃபூபார் என்ற பாட்டு மென்பொருளில் 'ரீப்ளேகெயின்' ஸ்கேன் செய்தால் அதுவே கணக்குப் போட்டுச் சமன் செய்துவிடும். பிறகு எது எது என்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கேட்கவும் அதற்கு ஒரு கூடுதல் செருகுநிரல் உண்டு.

ஸ்ட்ரீமிங்கில் இந்த வேலையைச் செயலியே செய்கிறது. ஸ்பாட்டிஃபையின் இயல்பு அளவு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு), ஆப்பிள் மியூசிக்கில் ஏறத்தாழ மைனஸ் 16. உரத்த பாட்டை இறக்கிவிடும். இறக்கிய பிறகு அமுக்கிய பாட்டு சப்பையாகத் தெரியும், பழையது துள்ளும். செயலியில் இந்தச் சமன் செய்யும் 'நார்மலைசேஷன்' அணைந்திருந்தால் போட்டுவிட்டு மறுபடி கேளுங்கள். அதற்குப் பிறகும் ரீமாஸ்டர்தான் பிடிக்கிறது என்றால் சண்டை இல்லை. நன்றாகச் செய்த ரீமாஸ்டர்களும் இருக்கின்றன.

ஜனவரி 15

ஃப்ளாக் (தரம் குறையாமல் ஒலியைச் சேமிக்கும் வடிவம்) கோப்பு என்பதாலேயே நல்ல பிரதி என்று ஆகாது. 128 கேபிபிஎஸ் எம்பி3ஐ ஃப்ளாக் ஆக மாற்றினால் கோப்பு ஐந்து மடங்கு பெருக்கும், ஒலி அப்படியே இருக்கும். ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் இழுத்துப் போட்டால் நிறமாலை, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்ற படம், தெரியும். 16, 17 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியது போல நேர்கோடாக முடிந்தால் அது எம்பி3யிலிருந்து வந்தது. 320 கேபிபிஎஸ் என்றால் வெட்டு 20 வாக்கில் இருக்கும்.

கவனிக்க வேண்டியது கோட்டின் கூர்மை. பழைய ஒலிப்பதிவிலும் கேசட்டிலும் 15க்கு மேல் பெரிதாக ஒன்றும் இருக்காது. அங்கே படம் படிப்படியாகக் கறுக்கும். அதைப் பார்த்துப் போலி ஃப்ளாக் என்று முத்திரை குத்துகிறார்கள், பாவம்.

கேசட்டிலிருந்து எடுத்தது என்றால் இன்னும் இரண்டு. டால்பி பி என்ற இரைச்சல் குறைப்பு போட்டுப் பதிந்த நாடாவை டால்பி இல்லாமல் ஓட்டியிருந்தால் ஒலி கூசும், 'ஸ்ஸ்' இரைச்சல் கூடும். டால்பி இல்லாத நாடாவை டால்பியில் ஓட்டியிருந்தால் கம்பளி போர்த்தியது போல இருக்கும். நாடாவைப் படிக்கும் தலைப்பகுதியின் கோணம் தவறியிருந்தால் ஸ்டீரியோவில் ஓரளவு தாங்கும், மோனோவுக்கு மாற்றியதும் உயர் ஒலி காணாமல் போகும். மோனோ பொத்தானை ஒரு தடவை அழுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஜனவரி 19

நாவலுக்கு வருவோம். பழைய அயல்மொழி நாவல் என்றால் செய்ய வேண்டிய முதல் வேலை அத்தியாயங்களை எண்ணுவது. ஐந்து நிமிட வேலை. அன்னா கரீனினா: எட்டுப் பகுதி, 239 அத்தியாயம். மோபி டிக்: 135, அதற்கு மேல் ஒரு பின்னுரை. லே மிசெராப்ள: 365. மான்டி கிறிஸ்டோ: 117. கையில் இருப்பதில் 40 அத்தியாயம் என்றால் அது சுருக்கம், அட்டையில் என்ன போட்டிருந்தாலும்.

அடுத்து, பதிப்பு விவரப் பக்கம். மொழிபெயர்ப்பாளர் பெயர் இருக்கிறதா, மூலத் தலைப்பு எந்த மொழியில் போட்டிருக்கிறது, முதல் பதிப்பு எந்த ஆண்டு. பிரெஞ்சு நாவலுக்கு ஆங்கிலத் தலைப்பு மட்டும் இருந்தால் அநேகமாக ஆங்கிலம் வழியாக வந்தது. அது தன்னளவில் குற்றமில்லை. எந்த ஆங்கிலம் என்பதில்தான் விஷயம். ழூல் வெர்னின் கடலடி நாவலுக்கு 1870களில் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இல்லை, அறிவியல் அளவுகளிலும் பிழை. காப்புரிமை முடிந்ததால் அதுதான் பல பத்தாண்டுகள் எங்கும் இலவசமாகச் சுற்றியது. அதிலிருந்து எந்த மொழிக்குக் கொண்டுபோனாலும் ஓட்டைகளும் கூடவே போகும். வெர்ன் சிறுவர் எழுத்தாளர் என்ற பெயர் வாங்கியதில் இந்த மொழிபெயர்ப்புக்குப் பங்குண்டு.

மூல மொழியிலேயே படித்தாலும் தப்பவில்லை. மோபி டிக் 1851இல் லண்டனில் முதலில் வந்தபோது பின்னுரை இல்லை. கப்பலோடு எல்லோரும் மூழ்கிவிட்டால் கதையைச் சொல்வது யார் என்று விமர்சகர்கள் கேலி செய்தார்கள். நியாயமான கேள்வி, தவறான பிரதி.

எ கிளாக்வொர்க் ஆரஞ்ச் (1962) இதைவிட வேடிக்கை. பிரிட்டிஷ் பதிப்பில் 21 அத்தியாயம். அமெரிக்கப் பதிப்பில் கடைசியை விட்டுவிட்டு 20. நாயகன் திருந்தும் அத்தியாயம் அதுதான். 1971இல் வந்த படம் அமெரிக்கப் பதிப்பின் முடிவையே கொண்டது. அமெரிக்காவில் 1986இல்தான் 21ஆவது சேர்ந்தது. 'புத்தகம் படத்தைவிட இருண்டது', 'இல்லை, நம்பிக்கையானது' என்று இரண்டு பேர் வாதாடினால் இரண்டு பேரும் சரி.

ஜனவரி 20

"தமிழ் மூலத்துக்கு இந்தத் தொல்லை இல்லையே?"

உண்டு. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. நாட்டுடைமை ஆனதால் யார் வேண்டுமானாலும் போடலாம், போடுகிறார்கள். முழுமையா என்று பார்க்க அத்தியாயக் கணக்கு: 57, 53, 46, 46, 91. மொத்தம் 293. ஓவியங்கள் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

மின்னூலில் வேறு மாதிரிச் சிக்கல். பழைய அச்சைப் படம்பிடித்து எழுத்தாக மாற்றியதில் 'ர'வும் துணைக்காலும் இடம் மாறும். 'எ' என்ற எழுத்துக்குப் பதில் அதே தோற்றமுள்ள ௭ என்ற எண் உட்கார்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, தேடினால் அகப்படாது, வாசித்துக்காட்டும் செயலி 'ஏழு' என்று படிக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் ணா, றா, னா, லை, னை வகை எழுத்துகள் 13க்கு வடிவமே வேறு. மாற்றும் மென்பொருள் அதைப் பழகியிருக்காவிட்டால் பக்கத்துக்குப் பக்கம் பிழை மழை. வாங்கும் முன் மாதிரிப் பக்கங்களில் இந்த மாதிரி எழுத்துகள் வரும் இடங்களைப் பாருங்கள். முதல் பக்கத்தைப் பார்க்க வேண்டாம், அதை எல்லோரும் திருத்தியிருப்பார்கள். நடுவில் ஒரு பக்கம்.

கொம்பும் எழுத்தும் பிரிந்து, நடுவே புள்ளி வட்டம் தெரிந்தால் நூலின் உள்ளே பதித்த எழுத்துருதான் பெரும்பாலும் காரணம். வாசிப்புக் கருவியில் பதிப்பாளர் எழுத்துருவை அணைத்துக் கருவியின் தமிழ் எழுத்துருவுக்கு மாறுங்கள். முழுப் பக்கமும் புரியாத ஆங்கில எழுத்துகளாக இருந்தால் யூனிகோடுக்கு முந்தைய குறியாக்கம். அதற்கு எழுத்துரு மாற்றிதான் மருந்து. எந்தக் குறியாக்கம் என்று தெரியாவிட்டால் ஒரு பத்தியை மட்டும் எடுத்து வரிசையாகப் போட்டுப் பார்க்கலாம்.

ஜனவரி 26

இழை எங்கோ போகிறது, போகட்டும். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய இசைத்தட்டுகளிலிருந்து எடுத்த கர்நாடக இசையைப் பட்டியலில் போடுபவர்களுக்கு: வேகத்தைப் பார்த்தீர்களா?

78 என்பது பெயரளவில்தான். 1920களின் நடுப்பகுதிக்கு முந்தைய தட்டுகள் 70இலிருந்து 80க்கு மேலும் பதிவாகியிருக்கின்றன. எல்லாவற்றையும் 78இல் ஓட்டி எடுத்தால் சில பாடகர்கள் அவசரமாகப் பாடுவது போல இருக்கும். ஓர் அரைச்சுரம் என்பது ஏறத்தாழ 6 சதவீத வேகம். 74இல் பதிந்ததை 78இல் ஓட்டினால் 5.4 சதவீதம், கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும். 'அந்தக் காலத்தில் எல்லோருக்கும் சுருதி உச்சம்' என்று எழுதுவதற்கு முன் இதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

தம்புரா செயலியில் சுருதியைத் தேடிப் பிடியுங்கள். 1 கட்டை சி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி. ஆண் குரல் வழக்கத்தைவிட உயர்ந்த கட்டையில் கேட்டால் சந்தேகப்படலாம். ஆடாசிட்டியில் வேகத்தை மாற்றும் வசதியைப் பயன்படுத்துங்கள். சுருதியை மட்டும் மாற்றுவதோ காலப்பிரமாணத்தை மட்டும் மாற்றுவதோ கூடாது, தட்டில் இரண்டும் சேர்ந்தே தவறியிருக்கின்றன.

இன்னொன்று: பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்றேகால் நிமிடம் வாக்கில். 'சங்கதிகள் குறைவு, ஓடிவிட்டார்' என்று குறை சொல்வதற்கு முன் தட்டின் நீளத்தையும் நினைக்கலாம்.

மேலைநாட்டிலும் இதே கதை. ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் கைண்ட் ஆஃப் புளூ (1959) முதல் பக்கம் பதிந்த கருவி சற்று மெதுவாக ஓடியதால் தட்டில் சுருதி ஏறியே இருந்தது. கூட வாசித்துப் பழகியவர்களுக்குத்தான் உறுத்தியது. 1990களில்தான் திருத்திய வெளியீடுகள் வந்தன.

ஜனவரி 27

நேற்றைய குறிப்புக்கு ஒரு திருத்தம், வாசகர் ஒருவர் அனுப்பியது: "கட்டைக்குச் சரியாக வந்து உட்கார வேண்டும் என்று கட்டாயமில்லை. அந்தக் கால ஆர்மோனியங்களும் சுருதிப் பெட்டிகளும் இன்றைய 440 ஹெர்ட்ஸ் அளவில் இருந்ததில்லை."

சரிதான். அதனால் கால் கட்டைக்கும் குறைவான வித்தியாசத்தைத் திருத்தப் போக வேண்டாம். மூலம் எது, பிழை எது என்று பிரிக்க முடியாது.

கச்சேரி நாடாக்களுக்கு இதைவிட நல்ல அளவுகோல் ஒன்று உண்டு. பின்னணியில் மின்சார ரீங்காரம் கேட்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பதிந்தது என்றால் நிறமாலையில் 50இலும் 100இலும் மெல்லிய கோடு தெரிய வேண்டும். அது 52, 104 என்று இருந்தால் நாடா 4 சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது. ஒரே எச்சரிக்கை: கணினிக்கு மாற்றும்போது சேர்ந்த ரீங்காரமும் 50இல் நிற்கும். இரண்டு கோடு தெரிந்தால், நாடாவோடு சேர்ந்து ஆடும் கோடுதான் பழையது.

பிப்ரவரி 2

"இத்தனையும் எழுதினால் பட்டியல் ஆய்வேடு ஆகிவிடும்."

ஒரு வரி போதும். படத்துக்கு: பெயர், ஆண்டு, நிமிடம், ஒலி மொழி, எதில் பார்த்தது. ஆல்பத்துக்கு: பெயர், முதல் வெளியீட்டு ஆண்டு, கேட்ட வெளியீட்டின் ஆண்டு, வடிவம். புத்தகத்துக்கு: பெயர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பு ஆண்டு, முழுமையா சுருக்கமா. ஒலிநூல் என்றால் வாசித்தவர் பெயரும், எந்த வேகத்தில் கேட்டது என்பதும். ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டுவிட்டு 'நடை பரபரப்பு' என்று எழுதுபவர்களைத் தடுக்க வேறு வழியில்லை.

மாதிரி: 'சினிமா பாரடைஸோ, 1988, 124 நிமிடம், இத்தாலிய ஒலி, மோஷன் அணைத்த டிவி.' அவ்வளவுதான்.

எங்கே எழுதுவது? விரிதாள், அல்லது வெறும் உரைக் கோப்பு. செயலி எதுவானாலும் சிஎஸ்வியாக (எந்த மென்பொருளிலும் திறக்கும் எளிய அட்டவணைக் கோப்பாக) வெளியே எடுக்க முடிகிறதா என்று முதல் நாளே பாருங்கள். எடுத்த கோப்பை எக்செலில் நேரடியாகத் திறந்தால் தமிழ் குப்பையாகத் தெரியலாம். 'தரவு' பகுதி வழியாக இறக்குமதி செய்து, குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் சரியாகும். குப்பையாகத் திறந்த கோப்பைச் சேமித்துவிட்டால் கதை முடிந்தது.

பிப்ரவரி 3

நட்சத்திரம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். போடாதீர்கள் என்பேன். கொஞ்ச நாளில் எல்லாம் மூன்றரையில் வந்து குவியும். அதற்குப் பதில் ஒரே கேள்வி: 'மறுபடியும் எடுப்பேனா?' ஆம், இல்லை. முடித்த அன்று எழுத வேண்டாம், இரண்டு வாரம் கழித்து எழுதுங்கள். முடித்த அன்று எல்லாப் படமும் ஒன்று மகா காவியம், இல்லாவிட்டால் மகா மட்டம்.

பிப்ரவரி 9

கடைசியாக வந்த இரண்டு கேள்விகள்.

வசனம் கேட்கவில்லை, பாட்டு வந்தால் வீடு அதிர்கிறது. ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்த 5.1 ஒலித்தடத்தில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குரியது. டிவியின் இரண்டு ஸ்பீக்கருக்கு அதை மடக்கும்போது வசனம் அமுங்குகிறது. ஒலித்தடத் தேர்வில் 'ஸ்டீரியோ' தனியாக இருந்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால் பெட்டியின் வெளியீட்டைப் பிசிஎம் ஸ்டீரியோவுக்கு (இரண்டு ஸ்பீக்கர் ஒலிக்கு) மாற்றி, உரத்ததை அடக்கும் 'நைட் மோட்' போடுங்கள். சவுண்ட்பார் அல்லது ரிசீவர் இருந்தால் நடுவை மட்டும் 2 அல்லது 3 டெசிபெல் ஏற்றினால் போதும். அதற்கு மேல் ஏற்றினால் வசனம் படத்திலிருந்து பிய்ந்து முன்னால் நிற்கும்.

சப்டைட்டில் ஒத்துவரவில்லை. முதலில் எந்த வகை என்று பாருங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே அளவு விலகினால் நேர நகர்வு. விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் ஹெச் விசை அழுத்தினால் எழுத்து தாமதமாகும், ஜி அழுத்தினால் முந்தும், ஒரு அழுத்தலுக்கு 50 மில்லிநொடி. தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் ஃப்ரேம் வேகம். ஜனவரி 9 குறிப்பில் சொன்ன அதே 25தான் இங்கேயும் ஆள்: 25க்கு எழுதிய சப்டைட்டிலை நொடிக்கு 23.976 ஃப்ரேம் (24க்குச் சற்றுக் குறைவு) ஓடும் படத்துக்குப் போட்டால் நிமிடத்துக்கு இரண்டரை நொடி முந்தும், ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம். இதை ஜி, ஹெச் வைத்து ஓட்ட முடியாது. 'சப்டைட்டில் எடிட்' என்ற மென்பொருளில் ஃப்ரேம் வேகத்தை மாற்றும் வரியில் 25இலிருந்து 23.976 என்று கொடுங்கள். மூல வேகம் தெரியாவிட்டால் முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் படத்தோடு பொருத்திக் காட்டினால் நடுவில் உள்ளதை அதுவே கணக்கிடும். சேமிக்கும்போது யூடிஎஃப்-8. இரண்டு மணி நேரப் படத்தின் முடிவில் ஏழு நொடி மட்டும் விலகினால் 24க்கும் 23.976க்கும் உள்ள வித்தியாசம், அதே வரியில் அதையும் சரிசெய்யலாம்.

நடுவில் ஒரு இடத்தில் திடீரென்று விலகி, அதற்குப் பிறகு அதே அளவில் தொடர்ந்தால் வேகம் காரணமில்லை. அங்கே உங்கள் பிரதியில் ஒரு காட்சி கூடவோ குறையவோ இருக்கிறது.